அந்நியர் மாடமும் ஜான்சனின் விவாதங்களும்

இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் ஒரு சொல் பல நூற்றாண்டுகள் ஆட்சி செலுத்தியது. உறுப்பினரும் சபை ஊழியரும் அல்லாத எவரும் அங்கே ‘ஸ்ட்ரேஞ்சர்’, அதாவது அந்நியர். வேடிக்கை பார்க்க வந்த கிராமத்தாரும் அந்நியர். வெளிநாட்டுத் தூதுவரும் அந்நியர். முப்பதாண்டுகள் நாள் தவறாமல் வந்தமர்ந்து உறுப்பினர்களின் பேச்சைக் குறித்துச் சென்ற நிருபரும் அந்நியரே. 2004ஆம் ஆண்டில்தான் காமன்ஸ் சபை இச்சொல்லைத் தன் விதிகளிலிருந்து நீக்கிப் ‘பொதுமக்கள்’ என்ற சொல்லை அவ்விடத்தில் வைத்தது. அனுமதிச் சீட்டு, ஒதுக்கப்பட்ட இருக்கை, பெயர்ப் பட்டியல், வெளியேற்றும் அதிகாரம் என்று பத்திரிகையாளரைப் பற்றி அச்சபை வகுத்த விதிகள் எல்லாம் இந்த ஒரு சொல்லின் மீதே எழுப்பப்பட்டவை. உள்ளே இருப்பது உன் உரிமையன்று, எம் பொறுமை என்பதே அவற்றின் பொருள்.

இவ்விதிகளைச் சட்ட நூலாகப் பார்ப்பவர் பலர். இவை எத்தகைய எழுத்தைப் பிறப்பித்தன என்று பார்ப்பவர் சிலரே. கதவு அடைக்கப்பட்டால் உண்மை சாகும், திறக்கப்பட்டால் வாழும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பாதியை நான் ஒப்புகிறேன். மறு பாதியை ஒப்புவதற்கு முன், அடைத்த கதவின் முன்னும் திறந்த கதவின் உள்ளும் எழுதப்பட்டவற்றை எடுத்து வைத்துப் படித்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு முன் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் வழங்கும் ஒரு தொடரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பத்திரிகையை ‘ஜனநாயகத்தின் நான்காவது தூண்’ என்கிறோம். மூலத்தில் தூண் இல்லை. நிருபர்கள் அமரும் மாடம் நாட்டின் நான்காவது ‘எஸ்டேட்’ ஆகிவிட்டது என்ற கருத்தை மெக்காலே 1828இல் ஒரு கட்டுரையில் எழுதினார். பின்னர் கார்லைல் அக்கருத்தை எட்மண்ட் பர்க்கின் மீது ஏற்றிச் சொன்னார். பர்க்கின் அச்சிட்ட உரைகளில் அது கிடைப்பதில்லை. ‘எஸ்டேட்’ என்பது சமூகத்தின் ஒரு வகுப்பு. மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று வகுப்பாருக்கு அடுத்த நான்காம் வகுப்பு. தமிழில் அது தூணாக மாறியபோது பொருளே மாறிவிட்டது. தூண் கட்டடத்தைத் தாங்குவது. அதை வெளியே போ என்று சொல்ல இயலாது. மாடத்தில் அமர்ந்தவனையோ ஒரு சொல்லில் எழுப்பி அனுப்பலாம். மெக்காலே சொன்னது ஓர் இருக்கையைப் பற்றி. நாம் பேசுவது ஒரு கல்லைப் பற்றி. இந்த மயக்கத்தால், அந்த இருக்கை எவ்வாறு கிடைத்தது, எவ்விலைக்குக் கிடைத்தது என்ற வினாவையே நாம் எழுப்பாது விட்டோம்.

1738 ஏப்ரல் 13ஆம் நாள் காமன்ஸ் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சபையின் விவாதங்களை எந்தச் செய்தித்தாளாயினும் வெளியிடுவது சபைக்கு இழைக்கும் பெரும் அவமதிப்பு. கூட்டத் தொடர் நடைபெறும் காலத்தில் மட்டுமின்றி விடுமுறைக் காலத்திலும் அவ்வாறே என்பது அதன் சாரம். அதுவரை, சபை கலைந்தபின் விடுமுறையில் வெளியிட்டால் குற்றமில்லை என்று மாத இதழ்கள் தமக்குத் தாமே ஒரு சலுகை எடுத்துக்கொண்டிருந்தன. அந்த வழியும் அடைபட்டது. எதிர்க்கட்சியினரும் ஆளுங்கட்சியினரும் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசினர் என்பதைக் கவனிக்க வேண்டும். தம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதைத் தடுக்கும்போது எக்காலத்திலும் அவைகளுக்குள் கட்சி வேறுபாடு குறைவு.

அச்சகத்தார் சும்மா இருக்கவில்லை. ‘லண்டன் மேகசின்’ தன் விவாதங்களை ஒரு கற்பனைக் கழகத்தின் கூட்டங்களாக்கி, உறுப்பினர்களுக்கு ரோமானியப் பெயர் சூட்டியது. லண்டனின் கிளெர்க்கன்வெல் பகுதியில் செயின்ட் ஜான்ஸ் கேட் என்னும் பழைய வாயில் மண்டபத்தில் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ என்ற மாத இதழை நடத்தி வந்த எட்வர்ட் கேவ் இன்னும் ஒருபடி மேலே போனார். ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணங்களை எல்லோரும் அறிந்திருந்தனர். அந்தக் கலிவரின் பேரன் லில்லிபுட் நாட்டிலிருந்து கொண்டுவந்த குறிப்புகள் என்று சொல்லி, ‘மாபெரும் லில்லிபுட் நாட்டு மேலவை விவாதங்கள்’ என்ற தலைப்பில் அவர் வெளியிடலானார். வால்போல் ‘வாலெலப்’ ஆனார். பிட் ‘ப்டிட்’ ஆனார். பிரபுக்கள் ‘ஹர்கோ’க்கள் ஆயினர். விரலளவு மனிதர்களின் பெயரில் தம்மைப் பார்த்துக்கொள்ள நேர்ந்ததே சபையோருக்கு அவர்கள் தீர்மானம் பெற்றுத் தந்த முதற்பரிசு.

இந்த வேலையைத் திருத்துபவராகத் தொடங்கிப் பின் தனியே எழுதும் பொறுப்பை ஏற்றவர், அந்நாளில் பேரும் பொருளும் இல்லாத சாமுவேல் ஜான்சன். 1741 ஜூலை முதல் 1744 மார்ச் வரை வெளியான விவாதங்கள் அவருடைய கையால் ஆனவை. எவ்வாறு எழுதினார்? கேவுக்கு வாயிற்காவலர்களின் தயவு இருந்தது. அவரும் அவருடைய ஆட்களும் உள்ளே நுழைந்து, எது பற்றிப் பேசினர், யார் யார் பேசினர், எப்பக்கம் நின்றனர், எந்த வரிசையில் எழுந்தனர் என்பதையும், வாதங்களின் சில குறிப்புகளையும் கொண்டுவந்து கொடுப்பர். அந்த எலும்புக் கூட்டின் மீது ஜான்சன் தசையும் தோலும் போர்த்தி உயிரும் ஊட்டினார். மாடத்துக்குள் தாம் சென்றது ஒரே முறைதான் என்று பிற்காலத்தில் அவரே கூறியதாக, அவர் வரலாற்றை எழுதிய ஆர்தர் மர்ஃபி தெரிவிக்கிறார். ஒரு மணி நேரத்தில் மூன்று பத்தி அச்சுக்கு எழுதித் தள்ளுவாராம்.

மர்ஃபி கூறும் விருந்துக் கதை புகழ் பெற்றது. நடிகர் ஃபூட்டின் இல்லத்தில் அறிஞர் சிலர் கூடியிருந்தபோது, டிமாஸ்தனிஸைப் பல்லாண்டுகள் கற்று மொழிபெயர்த்த ஃபிரான்சிஸ் என்பவர், 1741இல் பிட் பேசிய ஓர் உரைக்கு ஈடாக அந்தக் கிரேக்கப் பேச்சாளரிடமும் எதுவும் இல்லை என்று வியந்தார். கூட்டமே ஆமோதித்தது. அமைதியாக இருந்த ஜான்சன், அந்தப் பேச்சைத் தாம் எக்ஸெட்டர் தெருவில் ஒரு பரண் அறையில் அமர்ந்து எழுதியதாகச் சொன்னார். கப்பற்படைக்கு ஆள் சேர்க்கும் மசோதா மீது நடந்த விவாதத்தில், தம் இளமையை இகழ்ந்த மூத்த உறுப்பினர் ஹொரேஷியோ வால்போலுக்குப் பிட் அளித்த மறுமொழி என்று அது அச்சேறியிருந்தது. பின்னர் பல தலைமுறை மாணவர்கள் சொற்பயிற்சி நூல்களில் அதைப் பிட்டின் வாக்காகவே மனனம் செய்தனர்.

இக்கதையைச் சொல்லி ஜான்சனின் மேதையைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது வழக்கம். திறனாய்வாளன் அங்கே நிறுத்தலாகாது. அந்த உரைகளை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். பிட்டும் ஜான்சனைப் போலவே பேசுகிறார். அவரை எதிர்த்த முதியவரும் ஜான்சனைப் போலவே பேசுகிறார். செஸ்டர்ஃபீல்டும், கார்ட்டரெட்டும், வால்போலும் அவ்வாறே. ஒவ்வொரு வாக்கியமும் இரு தட்டும் சமமான தராசைப் போல் நிற்கிறது. குறிப்பிட்ட ஒரு வரியைப் பற்றிய, குறிப்பிட்ட ஒரு கப்பலைப் பற்றிய, குறிப்பிட்ட ஒரு தொகையைப் பற்றிய பேச்சு எங்கே கைநழுவுகிறதோ அங்கே மனித இயல்பு பற்றிய ஒரு பொது உண்மை வந்து அமர்ந்துகொள்கிறது. இது ஜான்சனின் குறையன்று. அவர் நின்ற இடத்தின் குறை. காதால் கேட்காதவனிடம் விவரம் இராது. விவரம் இல்லாதவன் எழுதியே தீர வேண்டுமானால் நீதி பேசுவான். அடைத்த கதவுக்கு வெளியே நின்று எழுதும் அரசியல் எழுத்தில் அறவுரை மிகுவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். நம்மிடையேயும் இதற்குச் சான்றுகள் குறைவில்லை. அவற்றைச் சுட்டினால் கட்டுரை நீண்டுவிடும்.

அரபு வரலாற்றாசிரியர்கள் ஒரு செய்தியை எழுதுமுன் அதன் ‘ஸனதை’, அதாவது அறிவிப்பாளர் தொடரை, எழுதுவார்கள். தபரீயின் பெருநூலைத் திறந்தால் இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற தொடர் முதலில் வரும். செய்தி பின்னர் வரும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று தொடர்கள் இருந்தால் எல்லாவற்றையும் தருவார். தெரிவு செய்யும் பொறுப்பைப் படிப்பவனிடம் விடுவார். இந்த அளவுகோலால் ஜான்சனின் விவாதங்களை அளந்தால் என்ன கிடைக்கிறது? பேசியவர் உறுப்பினர், கேட்டவர் கேவின் ஆள், பெயர் தெரியாதவர், அவரிடமிருந்து கேவ், கேவிடமிருந்து ஜான்சன். தொடரில் ஒரு கண்ணி இருட்டில் இருக்கிறது; கடைசிக் கண்ணியோ செய்தியைக் கடத்துபவர் அல்லர், புதிதாய்ப் படைப்பவர். ஆயினும் இத்தொடர் முழுவதும் லில்லிபுட் என்ற திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. திரை விலகியபின் உரை மட்டும் நின்றது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பும் உண்டு. அக்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப்பாக இருந்து பிரபுக்கள் சபையில் இடம் பெற்றிருந்த தாமஸ் செக்கர், தாம் நேரில் கேட்ட விவாதங்களைத் தமக்கெனக் குறித்து வைத்தார். காபெட் தம் பாராளுமன்ற வரலாற்றுத் தொகுதிகளை வெளியிட்டபோது செக்கரின் கையெழுத்துப் படியையும் ஜான்சனின் விவாதங்களையும் சேர்த்தே அச்சிட்டார். செக்கரிடம் அழகு இல்லை. முறிந்த வாக்கியங்கள், பாதியில் நின்ற வாதங்கள், சுருக்கக் குறிப்புகள். ஆனால் படிக்கும்போது ஒரு மனிதர் எழுந்து நின்று பேசித் தடுமாறி அமர்ந்ததை உணர்கிறோம். ஜான்சனிடம் எவரும் தடுமாறுவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஹூவர் என்ற ஆய்வாளர் இவற்றை வைத்து ஒப்பிட்டு 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். வாதத்தின் போக்கு ஓரளவு காக்கப்பட்டுள்ளது; சொல்லும் நடையும் ஜான்சனுடையவை என்பதே அத்தகைய ஒப்பீடுகள் காட்டுவது.

இதில் இலாபம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். தடை விதித்தது சபை. தடையால் அழகு பெற்றதும் அந்தச் சபையே. உளறியவரும் ஜான்சனின் கையில் சிசிரோ ஆனார். செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் படைப்புகளை அவர் மறைவுக்குப்பின் 1777இல் தொகுத்தபோது, ஜான்சன் எழுதிய இரண்டு உரைகளை அவருடையவை என்றே சேர்த்துவிட்டார்கள். கைப்பிள்ளையாகத் தம்மை வாயிலில் காக்க வைத்தார் என்று ஜான்சன் யாரை நொந்துகொண்டு 1755இல் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினாரோ, அதே செஸ்டர்ஃபீல்டு! வாயிலில் காத்திருந்தவன் எழுதிய சொல் உள்ளே இருந்தவனின் புகழாயிற்று. புறத்திணையில் பரிசிலன் வாயிற்காவலனை நோக்கி உரைப்பதை ஒரு துறையாகவே நம் முன்னோர் வகுத்தனர். அதியமானின் வாயிலில் நின்ற ஔவையாரின் சினம் புறநானூற்றில் இன்றும் சூடாக இருக்கிறது. அவர் தம் பெயரால் சினந்தார். ஜான்சனுக்கு அந்த உரிமையும் இல்லை.

அடைத்த கதவு ஆள்வோரை மறைக்கிறது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை என்று நான் முன்னர்ச் சொன்னதன் பொருள் இதுதான். அது அவர்களை அலங்கரிக்கவும் செய்கிறது. விக் கட்சியினரின் பக்கம் வாதம் ஓங்கிவிடாமல் பார்த்துக்கொண்டதாக ஜான்சன் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. ஆனால் மக்கள் அவற்றை மெய்யான உரைகள் என்று நம்புவதை அறிந்தபின் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். தம் எழுத்துகளுள் மனத்தை உறுத்தியது இது ஒன்றே என்று வாழ்நாளின் இறுதியில் சொன்னதாக அவர் நண்பர்கள் எழுதியுள்ளனர். உலகை ஏமாற்றிய குற்றத்தில் தமக்குப் பங்கு உண்டு என்று அவர் வருந்தினார். தடை போட்ட சபையில் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

கேவுக்கும் தண்டனை வராமல் போகவில்லை. 1747இல் லோவாட் பிரபுவின் விசாரணையை வெளியிட்டதற்காகப் பிரபுக்கள் சபை அவரை அழைத்துக் கண்டித்தது. எவ்வாறு எழுதினாய் என்று கேட்டபோது, சபைக்குள் சென்று காரீயப் பென்சிலால் குறிப்பு எடுத்ததாக விடை கூறினார். அந்நாளில் பென்சிலும் ஒரு குற்றக் கருவிதான்.

1771இல் நிகழ்ந்தது பெரிய மோதல். விவாதங்களை வெளியிட்ட அச்சகத்தாரைப் பிடிக்கச் சபை ஆளனுப்பியது. லண்டன் நகர எல்லைக்குள் அந்த ஆளின் அதிகாரம் செல்லாது என்று நகர நீதிபதிகள் அவனையே பிடித்தனர். நகர மேயர் பிராஸ் கிராஸ்பியையும் ஆல்டர்மன் ஆலிவரையும் சபை டவர் கோட்டையில் அடைத்தது. தெருக்கள் திரண்டன. மே மாதம் கூட்டத் தொடர் முடிந்ததும் இருவரும் வெற்றி ஊர்வலமாக வெளியே வந்தனர். அதன்பின் சபை அச்சகத்தாரைத் தொடவில்லை. ஆனால் தீர்மானத்தை நீக்கவும் இல்லை. குற்றம் குற்றமாகவே இருந்தது. தண்டனை மட்டும் உறங்கியது.

அந்த உறக்கம் இருநூறு ஆண்டுகள் நீடித்தது. விவாதங்களை வெளியிடுவதை இனி உரிமை மீறலாகக் கொள்வதில்லை என்று காமன்ஸ் சபை முறையாகத் தீர்மானித்தது 1971 ஜூலை 16ஆம் நாள். இதற்கிடையில் அந்த உறங்கும் விதி கடல் கடந்து நம் நாட்டில் விழித்துக்கொண்டதை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம், நம் பாராளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் உரிய உரிமைகள் தனிச் சட்டத்தால் வரையறுக்கப்படும்வரை அன்றைய காமன்ஸ் சபையின் உரிமைகளே என்றது. பீகார் சட்டமன்றத்தில் 1957இல் ஆற்றிய ஓர் உரையின், குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பகுதியைப் பாட்னாவின் ‘சர்ச்லைட்’ நாளேடு வெளியிட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. உண்மையான அறிக்கையைக்கூடத் தடுக்கும் உரிமை காமன்ஸ் சபைக்கு இருந்தது. ஆகவே பாட்னாவுக்கும் உண்டு என்று 1958 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். இதற்கு ஈராண்டு முன்னர்த்தான், பெரோஸ் காந்தி தனி உறுப்பினராகக் கொண்டுவந்த மசோதா சட்டமாகிப் பாராளுமன்ற நடவடிக்கைகளை நேர்மையாக வெளியிடும் ஏடுகளுக்குக் காப்பளித்திருந்தது. ஆனால் அது மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தையும் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், நீக்கினார்கள். 1977இல் மீண்டும் வந்தது. 44ஆம் திருத்தம் 1978இல் மாநிலங்களுக்கும் சேர்த்து அக்காப்பை அரசியல் சட்டத்திலேயே எழுதியது.

மீண்டும் லண்டனுக்குச் செல்வோம். 1771க்குப் பிறகு நிருபர் உள்ளே வந்தார். ஆனால் தனி இடம் இல்லை. மற்ற அந்நியர்களோடு முண்டியடித்துச் சென்று அமர வேண்டும். குறிப்பெடுப்பதும் நெடுநாள் தடை செய்யப்பட்டிருந்தது. அந்த நிலைமை படைத்த விந்தை மனிதர் வில்லியம் வுட்ஃபால். கையில் ஏட்டுமில்லை, எழுதுகோலுமில்லை. பையில் ஓர் அவித்த முட்டையுடன் மாடத்தின் முன்வரிசையில் மணிக்கணக்காக அசையாமல் அமர்ந்து கேட்டு, வெளியே சென்று பத்தி பத்தியாக எழுதுவார். ‘நினைவாற்றல் வுட்ஃபால்’ என்றே அவருக்குப் பெயர் வழங்கியது. மனனத்தைக் கல்வியின் அடிப்படையாகக் கொண்ட மரபில் பயின்ற எனக்கு அவர் மீது தனி அன்பு உண்டு என்பதை மறைப்பானேன்? ஜேம்ஸ் பெர்ரி என்ற பத்திரிகையாசிரியர் பல நிருபர்களை முறைவைத்து அனுப்பி, மறுநாள் காலையிலேயே விவாதத்தை அச்சிட்டபோது வுட்ஃபாலின் கலை தோற்றது. தொழிலுக்கு அது வளர்ச்சிதான். ஆயினும் ஒரு விவாதம் முழுவதையும் ஒரே செவி கேட்டு, ஒரே மனம் எடைபோட்ட நிலை அன்றோடு போயிற்று.

நிருபருக்கு முதன்முதல் இருக்கை கிடைத்த கதை, பெருந்தன்மையின் கதையன்று. 1803 மே 23ஆம் நாள், பிரான்சுடன் மீண்டும் போர் மூண்ட வேளையில், பிட்டின் மகனான இளைய பிட் பேசுவதைக் கேட்கக் கூட்டம் திரண்டது. நிருபர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. அந்த உரை மறுநாள் ஏடுகளில் வரவில்லை. தம் பேச்சு நாட்டுக்குச் சேரவில்லை என்று கண்டபின்தான் மாடத்தின் பின்வரிசையை நிருபர்களுக்கு விட்டுவைக்குமாறு சபாநாயகர் அபட் ஏற்பாடு செய்தார். தந்தையின் பேச்சைப் பரணிலிருந்து ஒருவர் இயற்றினார். மகனின் பேச்சு காற்றில் போயிற்று. அதன்பின் கிடைத்தது ஒரு பலகை. அந்தப் பலகையும் சலுகையே. 1810இல் வால்கரன் படையெடுப்பு பற்றிய விசாரணையின்போது, அந்நியர் இருக்கின்றனர் என்று ஓர் உறுப்பினர் விதியைச் சுட்டியதால் மாடம் வெறுமையாயிற்று. 1875இல் பிகர் என்ற ஐரிஷ் உறுப்பினர் அதே விதியைச் சுட்டியபோது மாடத்தில் இருந்தவர்களுள் பட்டத்து இளவரசரும் ஒருவர். அவரும் அந்நியராகி வெளியேற நேர்ந்தது! அதற்குப் பிறகே, ஒருவர் சொன்னால் போதாது, சபை வாக்களிக்க வேண்டும் என்று விதி மாறியது. நிருபர்கள் எத்தனையோ முறை எழுப்பப்பட்டபோது வராத ஞானம் ஓர் இளவரசர் எழுந்தபோது வந்தது.

இனி உள்ளே அமர்ந்து எழுதியவர்களுள் தலைசிறந்தவரைப் பார்ப்போம். சார்லஸ் டிக்கன்ஸ் இருபது வயதளவில் மாடத்துக்குள் நுழைந்து, 1836வரை நிருபராகப் பணியாற்றினார். கர்னியின் சுருக்கெழுத்து முறையைப் பெரும்பாடுபட்டுக் கற்றவர். 1865இல் பத்திரிகையாளர் நிதிக் கூட்டமொன்றில் பேசும்போது, பழைய காமன்ஸ் சபையின் மாடத்தில் மடிமீது வைத்து எழுதி முழங்கால் தேய்ந்ததையும், பிரபுக்கள் சபையில் ஆட்டுப்பட்டி போன்ற ஓர் அடைப்புக்குள் நெருக்கி நின்றபடி எழுதிக் கால்கள் தேய்ந்ததையும் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார். 1834இல் பழைய மண்டபம் எரிந்தபின் தற்காலிகக் கட்டடத்தில்தான் நிருபர்களுக்கெனத் தனி மாடம் அமைந்தது.

ஜான்சன் கேட்கவில்லை, டிக்கன்ஸ் எல்லாவற்றையும் கேட்டார். ஜான்சனின் எழுத்தில் பாராளுமன்றம் ரோமாபுரியாக நிற்கிறது. டிக்கன்ஸின் நாவல்களிலோ அது வெறும் சொற்குப்பை. ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் கதைத்தலைவன் சுருக்கெழுத்து கற்று நிருபராகும் பகுதியைப் படிப்போர், அவன் இரவுதோறும் நிறைவேறாத வாக்குறுதிகளையும் நடவாத முன்னறிவிப்புகளையும் எழுதிச் சலித்ததைக் காண்பர். திறந்த கதவு தந்த எழுத்து இது. இதில் அழகுபடுத்தல் இல்லை; ஆனால் இகழ்ச்சி மிகுந்துவிட்டது. 1832இல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் அம்மாடத்தின் கீழேதான் நிறைவேறியது. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டமும் அங்கேதான் நிறைவேறியது. அந்த ஆண்டுகளில் அங்கே அமர்ந்திருந்த பெருநாவலாசிரியரின் நாவல்களில் அச்சட்டங்களின் பெருமை பதியவில்லை. முழங்கால் வலிதான் பதிந்தது. நெருக்கமான இருக்கை நெருக்கமான பார்வையைத் தரும், தொலைவை எடுத்துக்கொள்ளும். ஜான்சனைக் குறைகூறிய அதே அளவுகோலால் டிக்கன்ஸையும் குறைகூறாமல் இருக்க இயலவில்லை.

பெண்களைப் பற்றி ஒரு சொல். 1778 முதல் அவர்களுக்கு மாடம் மூடப்பட்டது. பழைய மண்டபத்தில், கூரைமேல் வைத்த காற்றுப்போக்கியின் துளைகள் வழியே புழுக்கத்தில் குனிந்து நின்று அவர்கள் விவாதம் கேட்டனர். புதிய மண்டபத்தில் பித்தளைக் கம்பிச் சட்டகத்தின் பின்னால் ஒரு தனி மாடம் கொடுத்தனர். 1908இல் வாக்குரிமைப் போராட்டப் பெண்கள் இருவர் அச்சட்டகத்தோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொள்ள, சட்டகத்தோடு சேர்த்தே அவர்களை வெளியே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. 1917இல் சட்டகம் நீக்கப்பட்டது.

மாடத்தை விடக் கவனிக்கத்தக்கது ‘லாபி’ எனப்படும் முன்கூடம். 1880களில், ஐரிஷ் தீவிரவாதிகளின் வெடிகுண்டு அச்சத்தின் நடுவே, உறுப்பினர்கள் நடமாடும் அக்கூடத்தில் நிற்கத்தக்க நிருபர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைச் சபை அதிகாரிகள் வகுத்தனர். பட்டியலில் இடம் பெற்றவர் அமைச்சரிடம் நேரே பேசலாம். கேட்டதை எழுதலாம். யார் சொன்னார் என்று மட்டும் எழுதலாகாது. இந்த வழக்கம் ஒரு நூற்றாண்டு ஆங்கில அரசியல் எழுத்தின் நடையையே வகுத்தது. ‘அறியப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’, ‘நெருங்கிய வட்டாரங்கள்’ என்ற செயப்பாட்டுவினைக் காடு அங்கே வளர்ந்ததுதான். நம் நாளேடுகளிலும் அதன் கன்றுகள் செழித்திருக்கின்றன.

முன்னர்க் கூறிய அளவுகோலை இங்கே மீண்டும் வைத்துப் பாருங்கள். ஜான்சனிடம் பேசியவரின் பெயர் உண்டு, கேட்டவர் இல்லை. லாபி நிருபரிடம் கேட்டவர் உண்டு. பேசியவரின் பெயர் இல்லை. தொடரின் வேறொரு கண்ணி உடைந்திருக்கிறது, அவ்வளவே. எது தீது? எனக்கு இரண்டாவதே தீதெனத் தோன்றுகிறது. ஜான்சனின் லில்லிபுட் தன்னைக் கற்பனை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தது. பெயரற்ற வட்டாரமோ செய்தி என்ற உடையிலேயே வருகிறது. மேலும், பொய்யென்று பின்னர் வெளிப்பட்டாலும் சொன்னவரை யாரும் கேட்க முடியாது. நிருபரையும் கேட்க முடியாது, அவர் வாக்களித்திருக்கிறார். அனுமதிச் சீட்டின் விலையாக அவர் கொடுத்தது இதுவே.

இதனை உள்ளிருந்தே உணர்ந்தவர்களும் உண்டு. 1986இல் புதிதாய்த் தோன்றிய ‘இண்டிபெண்டென்ட்’ நாளேடும், அதனுடன் ‘கார்டியனும்’ பெயரற்ற அன்றாடக் கூட்டங்களிலிருந்து விலகின. 1997க்குப் பிறகு பிரதமரின் அதிகாரப்பூர்வப் பேச்சாளர் சொன்னது என்று எழுத இசைவு கிடைத்தது. சபையும் தன் பங்குக்கு ஒரு விதி செய்தது: சீட்டுப் பெற்ற பத்திரிகையாளர், அச்சீட்டால் பயன்பெறக்கூடிய வேறு ஊதியத் தொழில் ஏதும் உடையவராயின் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1985இல் தீர்மானித்தது. இது நல்ல விதி. கேட்பவன் யாருடைய காதைக் கொண்டு கேட்கிறான் என்று தெரிந்துகொள்ள வாசகனுக்கு உரிமை உண்டு. பேசுபவன் யாருடைய வாயால் பேசுகிறான் என்பதற்கு அத்தகைய பதிவேடு ஏன் இல்லை என்று கேட்டவர் குறைவு.

2020 பிப்ரவரி 3ஆம் நாள் நடந்ததைப் பலரும் மறந்திருக்கக்கூடும். இடம் பாராளுமன்றக் கட்டடம் அன்று, பிரதமரின் இல்லம். ஆனால் வந்தவர்கள் லாபிச் சீட்டு உடையவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடன் நடக்கவிருந்த பேச்சு பற்றி அரசின் அதிகாரி ஒருவர் விளக்கமளிக்க இருந்தார். கூடத்தில் விரித்திருந்த கம்பளத்தின் ஒரு பக்கத்தில் அழைக்கப்பட்டவர்களும் மறு பக்கத்தில் அழைக்கப்படாதவர்களும் நிற்குமாறு சொல்லப்பட்டது. சீட்டு எல்லோரிடமும் இருந்தது. பட்டியல்தான் வேறாக இருந்தது. ‘மிர்ரர்’, ‘இண்டிபெண்டென்ட்’ போன்ற ஏடுகளின் நிருபர்கள் விலக்கப்பட்ட பக்கத்தில் நின்றனர். அழைக்கப்பட்ட பக்கத்தில் பி.பி.சி., ‘டெலிகிராப்’, ‘கார்டியன்’ முதலியவற்றின் நிருபர்கள் நின்றனர். அரசுக்கு வேண்டியவை என்று பெயரெடுத்த ஏடுகளின் நிருபர்களும் அவர்களுள் இருந்தனர். எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றனர். மறுமொழி சாதகமாக இல்லை. அழைக்கப்பட்டவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து வாயிலைக் கடந்து தெருவுக்கு வந்துவிட்டனர்.